பாய்லர்காரர் சொல்லாத வார்த்தை

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் பாய்லர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், முப்பத்திரண்டு வருஷம் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாமே கைஜாடைதான். வால்வைத் திற, மூடு, சாப்பிடப் போகிறேன், எல்லாவற்றுக்கும் ஒரு விரல் உண்டு. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நானோ பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன்படியில் நின்றே எழுப்பிவிடும் குரல். எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் நான் ஒருத்தியே பேசினேன்.

எனக்கு அவர்மேல் ஒரே ஒரு மனக்குறை. என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. விடியற்காலை டூட்டிக்கு ஓடுவதற்கு முன்னால் அரைத்து, வதக்கி, கொதிக்கவைத்து இறக்கிவைப்பேன். சாப்பிடுவார், கையைக் கழுவுவார், போவார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டால் சிரிப்பார். சரி, நாக்கு செத்த மனுஷன் என்று நானே முடிவு கட்டி மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது போதும், மலை மலையாகப் பார்க்க வேண்டும் என்றார். வாயைத் திறந்து எதையும் கேட்காத மனிதர் கேட்கிறார், மறுக்க மனம் வருமா? ஒரு வருஷம், நாடு நாடாக, மலைப்பாதை பஸ்ஸிலேயே போவது, அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவது என்று முடிவானது. முட்டி வலியை வைத்துக்கொண்டு மலை ஏறப் போகிறாயா என்று மகள் சண்டைக்கு வந்தாள். முட்டி என்னுடையது, உனக்கென்னடி நோவு என்று அடக்கிவிட்டேன்.

மலைக்குப் போனதும் எல்லாம் தலைகீழ். பாஷை தெரியாத ஊரில் என் குரல் செல்லாக்காசு. அவர்தான் ராஜா. கைஜாடையிலேயே படுக்கை கேட்டார், வெந்நீர் கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதுகூடப் பரவாயில்லை. முதல் நாட்டில், ஒரு கணவாய்க்குக் கீழே தகரக் கொட்டகை போட்ட கடை. மாவுக்குள் கீரையை வைத்து ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். ஒரு கடி கடித்தார், கண்ணை மூடினார். கடைக்காரரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, வயிற்றைத் தடவிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்கு, இல்ல?" என்றார்.

நான் கடித்த மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அதோடு விட்டாரா? இரண்டாவது நாட்டில் வாற்கோதுமைக் கஞ்சி நல்லா இருந்ததாம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி பிரமாதமாம். வெறும் சுட்ட உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ளக் கல்லுப்பு, அதற்கும் ஒரு கும்பிடு. நாக்கு சாகவில்லை, நன்றாக உயிரோடுதான் இருக்கிறது! அப்படியானால் இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டதெல்லாம் குப்பை என்றுதானே அர்த்தம்? நாலு மாசம் மனசுக்குள்ளேயே புழுங்கினேன். என் வாழ்நாளில் ஒரு விஷயத்தை நாலு மாசம் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது நாட்டில் மேகத்துக்கும் மேலே ஓர் ஊர். விடுதிக்கார அம்மாவிடம் அடுப்பை ஒரு பகலுக்குக் கேட்டு வாங்கினேன். சந்தையில் மிளகாய், வெங்காயம், தக்காளி, ஆற்று மீன் எல்லாம் கிடைத்தது. இந்தக் குழம்புக்கும் வாயைத் திறக்கவில்லை என்றால் நாளைக் காலை பஸ்ஸில் நான் மட்டும் வீட்டுக்கு, மிச்ச மலையை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று பையையும் கட்டிவைத்துவிட்டேன். அந்த உயரத்தில் அரிசி வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் வந்து மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். வெந்துவிட்டது. ஆவி விஷயத்தில் மட்டும் நான் அவரிடம் வாய் கொடுப்பதில்லை.

பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். விடுதிக்கார அம்மா மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டு என் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள். இவர் தலை நிமிரவில்லை. பாதித் தட்டு காலியானது. மூச்சு விடவில்லை.

எழுந்து போய்ப் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "நாளைக்கு நான் வீட்டுக்குப் போறேன். கண்ட ஊர்க் கஞ்சியெல்லாம் உங்களுக்கு நல்லா இருக்கு. என் சமையல் அவ்வளவு கேவலமா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவர் பையைப் பார்த்தார். "நல்லா இருக்குன்னு சொன்னா நீ என்ன செய்வ?" என்றார்.

சந்தோஷப்படுவேன், வேறென்ன என்றேன்.

"இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொன்னேன். சட்டியில இருந்ததை எல்லாம் என் தட்டுல வழிச்சுப் போட்டுட்ட. நீ சோத்துல தண்ணி ஊத்திக் குடிச்சுட்டு டூட்டிக்குப் போன. அடுத்த வாரமும் சொன்னேன், மறுபடியும் அதேதான். மூணாவது தடவை பேசாம எழுந்துட்டேன். அன்னிக்கு நீயும் சாப்பிட்ட." பையை ஓரமாக நகர்த்தினார். "கடையில ரெண்டு தட்டும் ஒண்ணு போல வருது. அங்க தைரியமா சொல்லலாம்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தற்செயலாக என் தட்டு கண்ணில் பட்டது. சோறு, அதன்மேல் சட்டியை வழித்த இரண்டு கரண்டிக் குழம்பு. மீன் ஒன்றுகூட இல்லை. எல்லாத் துண்டும் அவர் தட்டிலும் அந்த அம்மா தட்டிலும்தான். நான் பரிமாறும்போது நல்லா இருக்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் என் கை அதன் வேலையைச் செய்திருந்தது.

அவர் இன்னும் தொடாமல் வைத்திருந்த பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். முதலில் சாப்பிடு என்று விரலால் காட்டினார். அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். நான் முள்ளை ஒதுக்கி, கடைசி வாய் விழுங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நான் அள்ளிப் போட அதில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

"நல்லா இருந்துச்சு," என்றார். "இத்தனை வருஷமும் நல்லாத்தான் இருந்துச்சு."