முதுகிலை தைச்ச பெயர்

தையல் கடைக்கு ஒருத்தரும் சும்மா வாறதில்லை. ஒண்டில் உடுப்புக் கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி உடம்பு பெருத்திருக்கும், ரெண்டுக்கும் குற்றவாளி நாங்கள்தான். போதாக்குறைக்கு, சொன்ன நாளுக்குக் குடுக்கிறேல்லை எண்ட கெட்ட பெயர் வேறை. கத்தரிக்கோல் பிடிச்சுப் பெருவிரல் காய்ச்சுப்போன சகபாவியளே, உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பாரிசிலை, லா சப்பலிலை நான் கடை போட்டது ரெண்டாயிரத்து ஒன்பதிலை. அண்டு தொடக்கம் பிளவுஸ், பிளவுஸ், பிளவுஸ். ஆனால் ஆரும் என்ரை தொழில் அனுபவத்தைக் கேட்டால் ஞாபகம் வாறது பிளவுஸே போடாத ஒருத்தியைத்தான். அவசரப்படாதையுங்கோ, அவள் ரஷ்யாக்காரி. ஐஸ் ஹொக்கி விளையாடுறவள்.

கருவாடு

வேரா முதல் முதல் வந்தது ஒரு பையோடை. அப்பிடியொரு பையை நான் கண்டதில்லை, என்னையே உள்ளுக்கை வைச்சுப் பூட்டலாம். சிப் பிஞ்சுபோச்சு, தைச்சுத் தாங்கோ எண்டாள். உள்ளை முழங்காலுக்கு, தோளுக்கு, இடுப்புக்கு எண்டு பஞ்சு வைச்ச கவசங்கள். ஐசிலை விளையாடுறவைக்கு வேர்வை எங்காலை வரப்போகுது எண்டுதான் நான் நினைச்சிருந்தன். பையைத் திறந்த கையோடை என்ரை அறிவீனம் விளங்கிச்சு. யன்னலைத் திறந்தன், கதவையும் திறந்தன்.

நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது பிரெஞ்சு மாதிரி ஒண்டு. அதாலை அவள் சொன்னதெல்லாத்தையும் என்ரை தமிழிலையே தாறன். பத்தொன்பது வயசிலை தன்ரை நாட்டு அணிக்கு விளையாடினவளாம். பிறகு முழங்கால் உடைஞ்சு, ஒப்பரேஷன் செய்து, அணியிலை இருந்து விட்டிட்டினம். இப்ப வயசு முப்பத்தொண்டு. இஞ்சை பொம்பிளையளின்ரை கிளப் ஒண்டிலை விளையாடிக்கொண்டு, மற்ற நேரத்திலை சுப்பர் மார்க்கெட்டிலை பெட்டி அடுக்கிறாள். நாட்டு அணிக்கு ஒருக்கால், ஒரேயொருக்கால் திரும்பக் கூப்பிட்டால் போதுமாம்.

அந்த நேரம் பார்த்து, லெ பிளாங்-மெனிலிலை இருந்து ஒரு தங்கச்சி பிளவுஸ் எடுக்க வந்தாள். வாசலிலை நிண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னக்கா, கருவாட்டு வியாபாரமும் தொடங்கிட்டியளோ? சொல்லியிருந்தால் அரைக் கிலோ எடுத்து வைக்கச் சொல்லியிருப்பனே!"

கலியாண வீட்டுச் சட்டை

அடுத்த தரம் அவள் கொண்டுவந்தது ஜேர்சி. விலாப் பக்கம் கிழிஞ்சிருந்துது. கிழிசலைத் தைச்சுக் குடுத்திருந்தால் விஷயம் முடிஞ்சுது. ஆனால் என்ரை கை சும்மா இருக்குமே? பிளவுஸ் தைக்கிறவளுக்கு லூஸ் எண்டால் மானக்கேடு. சாக்கு மாதிரித் தொங்கின அந்தச் சட்டையை ரெண்டு பக்கமும் பிடிச்சு, இடுப்பிலை ஒரு அழகு வைச்சு, கையையும் ஒடுக்கிக் குடுத்தன்.

வேரா முதலிலை தோள் கவசத்தைப் போட்டாள். அதுக்கு மேலை ஜேர்சியைப் போட்டாள். தலை உள்ளை போச்சு, வெளியிலை வரேல்லை. ரெண்டு கையும் மேலை. நான் ஒரு பக்கம் இழுக்க, பிளவுசுக்கு அளவு குடுக்க வந்த மனுசி மற்றப் பக்கம் இழுக்க, கடைசியிலை பாதி உயிரோடை அவளை வெளியிலை எடுத்தம். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"மதாம் அக்கா, இதைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போகலாம், விளையாடப் போகேலாது."

அக்கா எண்டு ஒரு பெயர்

"மதாம் அக்கா" எண்டது ஏனெண்டு கேக்கிறியளோ? கடைக்கு வாற சனமெல்லாம் என்னை அக்கா, அக்கா எண்டு கூப்பிட, அதுதான் என்ரை பெயரெண்டு நினைச்சிட்டாள். பெயர் பத்மாவதி எண்டு சொன்னன். "அப்ப ஆசுப்பத்திரியிலை மதாம் செல்லத்துரை எண்டு கூப்பிட்டினமே?" எண்டாள். ஒருநாள் தையல் ஊசி விரலிலை ஏறி, அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவள்.

அது என்ரை அப்பான்ரை பெயர். எங்கடை ஆக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அதாலை பிரெஞ்சுக்காரர் அந்த இடத்திலை அப்பாவை ஏத்திவிட்டிட்டினம். யாழ்ப்பாணத்தை விட்டு ஒரு அடி வைக்காத மனுசனை இஞ்சை கூப்பிடாத அரசாங்கக் கந்தோர் இல்லை. இதைக் கேட்டு வேரா விழுந்து விழுந்து சிரிச்சாள். தன்ரை அப்பா ஸ்தெபான், லொறி ஓடினவர் எண்டு சொல்லிப்போட்டு:

"நல்ல காலம் மதாம் அக்கா, அவருக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை."

பதினேழாம் நம்பர்

இன்னொரு நாள் கவசத்துக்கு வார் மாத்த வேராவுக்கு அளவு எடுக்கிறன். கை முழுக்க அடிபட்டுக் கண்டின நீலம். வில்லியே லே பெல்லிலை இருந்து வந்த ஒரு மாமி அதைக் கண்டிட்டா. கண்ணிலை தண்ணி வந்திட்டுது மனுசிக்கு. வேராவின்ரை கையைப் பிடிச்சு, "அடிக்கிற புருஷனோடை இருக்காதை பிள்ளை, என்ரை வீட்டிலை ஒரு அறை இருக்கு" எண்டா. நான் மொழிபெயர்த்துச் சொன்னன்.

வேரா எழும்பி மாமியைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சினாள். பிறகு என்னைப் பார்த்து:

"புருஷன் இல்லை, எதிரணிப் பதினேழாம் நம்பர் எண்டு சொல்லுங்கோ. முதல் இடிச்சது நான்தான் எண்டதைச் சொல்லாதையுங்கோ."

என்ரை திருவிளையாடல்

அடுத்த பங்குனியிலை வேரா ஓடி வந்தாள். நாட்டு அணிக்கு ஆள் தெரிவு செய்யிற பயிற்சியாளர் பாரிசுக்கு வாறாராம். ஞாயிற்றுக்கிழமை மட்ச் பார்ப்பாராம். கிளப் புது ஜேர்சி குடுத்திருக்கு, பின்னாலை குடும்பப் பெயர் தைக்கவேணும். "முழுப் பெயரையும் எழுதித் தா" எண்டன். பிழை அங்கைதான் தொடங்கினது. அவள் மூண்டு பெயர் எழுதி வைச்சிட்டு ரயிலுக்கு ஓடிட்டாள்.

நான் இருந்து யோசிச்சன். முதலாவது வேரா, அது அவளின்ரை பெயர். ரெண்டாவது ஸ்தெபானொவ்னா. அதுக்குள்ளை அப்பா ஸ்தெபான் இருக்கிறார். அப்பா இருக்கிற பெயர்தானே குடும்பப் பெயர்? மூண்டாவது ஏதோ ஊர்ப் பெயராக்கும் எண்டு விட்டிட்டன். எழுத்து எழுத்தாய் வெட்டி, ரெட்டைத் தையல் போட்டன். நான் தைச்சால் பிரிக்கேலாது எண்டு ஊரெல்லாம் பெருமை அடிக்கிறனான், அதுவும் அண்டைக்கு எனக்கு எதிராய்த் திரும்பிச்சு.

ஞாயிறு காலமை வேரா வந்து விரிச்சுப் பார்த்தாள். ஸ்டூலிலை இருந்திட்டாள். ரயிலுக்கு அரை மணித்தியாலம். பிரிக்கிறதெண்டால் ரெண்டு மணித்தியாலம் வேணும்.

"மதாம் அக்கா, குடும்பப் பெயர் மூண்டாவது. இது அப்பான்ரை பெயர், தனிய இதைச் சொல்லி எங்கடை ஊரிலை கூப்பிடுறது கிழவியளை."

வாசிப்பு

குற்றவுணர்ச்சி பிடரியிலை பிடிச்சுத் தள்ள, கடையைப் பூட்டிப்போட்டு நானும் போனன். அந்தக் குளிரிலை ஒரு மூலையிலை குந்தியிருந்தன். அவளின்ரை சிநேகிதியள் "ஸ்தெபானொவ்னா! ஸ்தெபானொவ்னா!" எண்டு கத்திச் சிரிக்கினம். பயிற்சியாளரும் அவளின்ரை முதுகைப் பார்த்துச் சிரிச்சதை நான் கண்டன். வேரா ரெண்டு கோல் போட்டாள். ஆனால் கடைசிப் பகுதியிலை மற்றப் பிள்ளையள் பறக்க, அவள் பின்னுக்கு நிண்டிட்டாள். எனக்கே அது தெரிஞ்சுது.

முடிஞ்சாப் பிறகு மனுசன் அவளோடை கனநேரம் கதைச்சார். வெளியிலை வந்தவள் சொன்னாள்: விளையாடக் கூப்பிடேல்லை, சின்னப் பெட்டையளுக்குப் பழக்க வரட்டாம், தான் மாட்டன் எண்டிட்டாளாம். நான் அந்த இடத்திலையே அழத் தொடங்கிட்டன். கிழவி எண்டு முதுகிலை எழுதி விட்டவள் நானல்லோ? தோத்தவள் அவள், கண்ணைத் துடைச்சு விட்டதும் அவள்தான்.

"அழாதையுங்கோ மதாம் அக்கா. அவர் என்ரை முதுகை வாசிக்கேல்லை, முழங்காலை வாசிச்சிட்டார்."

போனிலை ஒரு படம்

அதுக்குப் பிறகும் ஒரு வருஷம் இஞ்சை விளையாடினாள். பிறகு ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெட்டையளைப் பழக்கிற அந்த வேலைக்கு ஓம் எண்டிட்டன்" எண்டாள். சிப்பைச் சரிபார்த்து அவளை ஊருக்கு அனுப்பினன். அவள் போனாப் பிறகு கடை நல்ல வாசமாய்த்தான் இருந்துது, எனக்குத்தான் பிடிக்கேல்லை.

அடுத்த மாரியிலை போனுக்கு ஒரு படம் வந்துது. பல்லு விழுந்ததும் விழாததுமாய்ப் பத்துப் பன்னிரண்டு பெட்டையள், நடுவிலை வேரா, அதே ஜேர்சி, முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாள். கீழை எழுதியிருந்தாள்:

"இஞ்சை படிப்பிக்கிறவையை அப்பா பெயரும் சேர்த்துத்தான் கூப்பிடுறது. நாள் முழுக்க வேரா ஸ்தெபானொவ்னா, வேரா ஸ்தெபானொவ்னா. நீங்கள் பிழையாய்த் தைக்கேல்லை, மதாம் அக்கா. முந்தித் தைச்சிட்டியள்."

ஆகையினாலை சகபாவியளே, சொன்ன நாளுக்குக் குடுக்கிறேல்லை எண்டு இனி ஆரும் வாசலிலை நிண்டு கத்தினால், ரெண்டு வருஷம் முந்தியே குடுத்ததுக்கு ரஷ்யாவிலை எனக்கொரு சாட்சி இருக்குது.