அப்பாவின் மீசை இறங்கிய பங்குனி

பிள்ளைகளா, நேற்று நீங்கள் புது ஆயில் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததும் வீடெங்கும் டர்பன்டைன் வாசனை ஏறியது. தாத்தா படத்தை மட்டும் ஏன் சுவரில் மாட்டாமல் பீரோ மேல் படுக்க வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்களே, அந்தக் கதையும் இதே வாசனையில்தான் தொடங்குகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. செங்கல்பட்டில் சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டிய என் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம். அவர் முகம் என்று எங்களிடம் மிஞ்சியது லைசென்ஸில் இருந்த சின்ன போட்டோ மட்டும். "தெவசத்துக்குள்ள அவரு மூஞ்சி பெருசா வூட்ல இருக்கணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், காலேஜில் ஓவியம் படித்த என் அக்கா செல்வி மார்கழியில் வரைய உட்கார்ந்தாள்.

முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு நீர்க்கப் பூசி, அது காயக் காத்திருந்து, மேல்பூச்சுக்கு எண்ணெயைக் கூட்ட வேண்டும் என்ற முறைப்படிதான் அக்கா செய்தாள். பாதியில் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோனது. அம்மா தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை நீட்டினாள்.

"இது காயுமாம்மா?"

"எல்லாம் எண்ணெதாண்டி. கடைல வாங்கறது மட்டும் இன்னா ஒசத்தி?"

பாட்டிலுக்குள்ளேயே தேங்காய் எண்ணெய் உறைந்து கிடந்த பனிநாட்கள் அவை. படத்திலும் அது உறைந்தது. நாங்கள் காய்ந்துவிட்டது என்று நினைத்தோம். தெவசத்தன்று மாலை போட்ட அம்மா, "டீசல் போட மறந்தாப்ல மொறைக்கிறாரு பாரு" என்று ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள்.

ஷீட் கூரை கொதித்த பங்குனியில் ஒரு நாள் பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தவன் அலறிவிட்டேன். அப்பாவின் மீசை உதட்டைத் தாண்டி மோவாய்க்கு வந்திருந்தது. கண்ணின் கருப்பு கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

அம்மா ஓடிவந்தாள். "ஐயோ, எறங்கிக்கினே கீறாரே! படுக்க வைடா, படுக்க வை!" தானே பிடுங்கி மடியில் கிடத்திக்கொண்டு, தொடவும் பயந்து, வெயில் தாழும்வரை அசையாமல் இருந்தாள்.

ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், தேங்காய் எண்ணெய் என்றைக்கும் இறுகாது என்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. "சொரண்டிட்டுப் புதுசா போடறேம்மா" என்று அழுதாள்.

"எண்ணெ குடுத்தது நானு. நீ ஏண்டி அழுவுற? அதுக்குன்னு அவரு மூஞ்சிய சொரண்டுவியா?"

இன்று அந்த ஷீட் வீடு இல்லை, அம்மாவும் இல்லை. நாவலூரில் இருக்கும் நம் பிளாட்டுக்குப் படம் மட்டும் படுத்தபடியே வந்து சேர்ந்தது.

காலையில் நீங்கள் ஸ்கூலுக்குப் போனதும் அதை இறக்கி, மீசை நுனியை விரலால் தொட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் கருப்பு ஒட்டியது. துடைக்க மனம் வராமல், அந்த விரலோடேயே வண்டியை எடுத்தேன்.