ஸ்பானரின் நாற்பத்தொரு லிஃப்டுகள்

நாற்சந்தி இணைய மன்றத்தின் நிர்வாகி சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். இந்த ஆண்டின் சிறந்த உறுப்பினராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். முகப்புப் பக்கத்தில் போட, என் வாழ்க்கையைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். பதினோரு வருடமாக இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். வந்ததும் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை தொடங்கினேன். நான்கு முறையும் இரண்டாவது பத்தியிலேயே இன்னொருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். சரி, அவனைப் பற்றியே எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் நான் யார் என்று இரண்டு வரி. மன்றத்தில் என் பெயர் உட்பிரிவு. ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர். நகலை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, கடைசியில் 'விடுபடல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறேன். மன்றத்தில் அரசியல் சண்டை என்றாலும், அரசாங்கம் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தாலும், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எடுத்துப் போடுவது நான்தான்.

அவன் பெயர் ஸ்பானர். லிஃப்ட் மெக்கானிக். மன்றத்தில் நான் அவனை 'நண்பர் ஸ்பானர் அவர்கள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான், அதனால் இங்கேயும் அப்படியே.

ஆறு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். வீட்டுச் சாதனங்கள் பகுதியில் யாரோ வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். அடியில் இடது பக்கம் ஒரு மூடி இருக்கும், அதைத் திருகினால் பொத்தானும் ஹேர்பின்னும் விழும் என்று ஒரே வரியில் எழுதினான். எழுத்துப்பிழை மூன்று. நன்றி சொன்னவர்கள் நாற்பது பேர். அதில் என் மனைவியும் உண்டு. எங்கள் மெஷினிலிருந்து நிஜமாகவே இரண்டு பொத்தான் விழுந்தது, இரண்டும் என் சட்டையுடையவை. அன்றிலிருந்து வீட்டில் எது நின்றுபோனாலும் "அந்த ஸ்பானரைக் கேளுங்களேன்" என்பது அவள் வாடிக்கையாகிவிட்டது. கேட்டேனா? வயிறு எரிய எரிய, வேறு பெயரில் கேட்டேன்.

மன்றத்தில் பெரிய சண்டை எது என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். எல்லா போனுக்கும் ஒரே மாதிரி சார்ஜர்தான் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தலாமா என்ற சண்டை. எண்ணூறு பதிவு ஓடியது. ஒரு கட்சிக்காரர்கள் சுதந்திரம் போச்சு என்றார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் கம்பெனிக் கொள்ளை என்றார்கள். நான் பதினோரு பத்தியில் இரண்டு தரப்பையும் அலசி எழுதினேன். எனக்கு விழுந்த விருப்பக்குறி நான்கு. அதில் ஒன்று என் மனைவியின் கணக்கிலிருந்து வந்தது. அவள் அதைத் தொடாமல் விட்டபிறகு அந்தக் கணக்கை நடத்துவதும் நான்தான். அதற்கடுத்து ஸ்பானர் எழுதினான்: "நான் பையில ஆறு சார்ஜர் தூக்குறேன். ஒண்ணு போதும்." இருநூற்றுப் பன்னிரண்டு. சண்டையும் அதோடு ஓய்ந்துபோனது. அந்த எண்ணை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவனுக்கு என் அளவுக்குப் படிப்பு இல்லை. பத்தாவது, அதற்கு மேல் மாலை வகுப்பில் கொஞ்சம் எலக்ட்ரிகல். மதியம் மொட்டை மாடி மோட்டார் ரூமில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒரு கையால் எழுதுவான். கோபப்படமாட்டான். தெரியாததைத் தெரியாது என்பான். இந்த ஒன்று மட்டும் எனக்கு வரவே வராது. அதனாலேயே அவனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அந்த வரைவு விதி வந்தது. லிஃப்டுக்குள் அவசரத்துக்கு ஒரு போன் கம்பியோடு இருக்கவேண்டும் என்பது பழைய விதி. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருப்பதால், இனி லிஃப்டுக்குள் போன் கட்டாயம் இல்லை என்று மாற்றப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல முப்பது நாள் அவகாசம். வேண்டாத கட்டுப்பாடுகள் ஒழியட்டும் என்று நான் முதல் நாளே வரைவை ஆதரித்து நீளமாக எழுதினேன். என் எழுத்திலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். கை தட்டவும் செய்தார்கள்.

மூன்றாம் நாள் ஸ்பானர் ஒரு அட்டவணை போட்டான். அவன் வேலை பார்க்கும் நாற்பத்தொரு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் லிஃப்ட் கதவு மூடியபிறகு உள்ளே போனில் சிக்னல் கிடைக்கிறதா இல்லையா என்று மாடிவாரியாகச் சோதித்து எழுதியிருந்தான். முப்பத்தாறில் இல்லை. கீழே ஒரு வரி: "கையில போன் இருந்தா போதாது, பெட்டி இரும்பு." அவ்வளவுதான். என் கட்டுரை ஈரத்தில் விழுந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கை தட்டியவர்களே ஓடிப்போய் அங்கே தட்டினார்கள்.

மறுநாள் நான் செய்ததைத்தான் சொல்லவேண்டும். லிஃப்ட் பராமரிப்பு உரிம விதிகளை எடுத்து வைத்துத் தேடினேன். பதினேழாவது விதி கிடைத்தது. பராமரிப்பு நிறுவனத்துப் பணியாளர் யாரும், வேலையில் அறிந்த கட்டட விவரங்களை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. அதை அப்படியே மன்றத்தில் ஒட்டி, "நண்பரின் நலன் கருதிச் சுட்டிக்காட்டுகிறேன்" என்று எழுதினேன். ஆனால் விதி அங்கே முடியவில்லை. நடுவில் ஒரு அரைப்புள்ளி, அதற்குப் பிறகு 'ஆனால்' என்று தொடங்கி மேலும் இரண்டு வரி. அந்த இரண்டு வரி அவனைக் காப்பாற்றியிருக்கும். அதை நான் வெட்டிவிட்டு, அரைப்புள்ளியை முற்றுப்புள்ளி ஆக்கினேன்.

யாரும் போய்ப் பார்க்கவில்லை. உட்பிரிவு எடுத்துப் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று பதினோரு வருடத்தில் நான் சம்பாதித்த பெயர் அது. பத்தே நிமிடத்தில் ஸ்பானர் அட்டவணையை நீக்கினான். "மன்னிக்கணும், தெரியாம போட்டுட்டேன். உட்பிரிவு சாருக்கு நன்றி" என்று எழுதினான். அந்த நன்றியைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கவேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். ஏனென்றால் கீழே நூறு பேர், அட்டவணை போனாலும் அவர் சொன்னது உண்மைதானே என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அது பொய் என்று காட்டவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. தப்புக் கண்டுபிடிப்பதற்காக அட்டவணையை முன்பே சேமித்து வைத்திருந்தேன். மதிய இடைவேளையிலும் சனிக்கிழமைகளிலும் ஒவ்வொரு கட்டடமாகப் போனேன். பல் டாக்டரைப் பார்க்க வந்தவன் மாதிரி, வாடகைக்கு வீடு தேடுகிறவன் மாதிரி, உறவினர் வீட்டு எண் மறந்தவன் மாதிரி. லிஃப்டுக்குள் ஏறி, கதவு மூடியதும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மாடிக்கு மாடி குறித்துக்கொண்டேன். கூட ஏறியவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மதியம் சாப்பிடாமல் எங்கே சுற்றுகிறேன் என்று மனைவி கேட்டாள். அலுவலக வேலை என்றேன்.

இருபத்து மூன்றாவது கட்டடத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய குடியிருப்பில், லிஃப்டுக்குள் என் போன் அடித்தது. மனைவிதான், வரும்போது பல்பு வாங்கிவரச் சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு பல்பு வாங்குகிறேன் என்றேன். மாட்டினான் ஸ்பானர்! வெளியே வந்து அட்டவணையைப் பிரித்தேன். இருபத்து மூன்றாவது வரிசையில் அவன் எழுதியிருந்தான்: "கம்பிக் கதவு. சிக்னல் கிடைக்கும்." தன் பேச்சுக்கு எதிரான ஐந்து லிஃப்டையும் ஒன்றுவிடாமல் அவனே எழுதி வைத்திருந்தான். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதன் நான் கண்டுபிடிக்க ஒரு தப்பாவது விட்டுவைக்கக் கூடாதா?

முப்பத்தெட்டாவது கட்டடத்தில் அவனைப் பார்த்தேன். ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும், மஞ்சள் டேப் சுற்றிய கைப்பிடியோடு ஒரு கருவிப் பை தரையில் இருந்தது. அந்தப் பையின் படத்தை அவன் ஒருமுறை மன்றத்தில் போட்டிருந்தான். பக்கத்தில் மண்டியிட்டு, கதவு ஓடும் தடத்தில் இருந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் நினைத்ததை விடக் குள்ளம். அதில் எனக்கு அற்பமாக ஒரு திருப்தி.

என் கையில் தூக்கியிருந்த போனைப் பார்த்துச் சொன்னான். "பெட்டிக்குள்ள சிக்னல் கிடைக்காது சார். வெளிய வந்து பேசுங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டுவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம்.

"என் அக்கா ஆபீஸ் கூட்டுற வேலை பாக்குறாங்க. என்னை வளத்தவங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. கையில புது போன், நான் வாங்கிக் குடுத்தது. நாலு மணி நேரம் அதைப் பிடிச்சுக்கிட்டு கதவைத் தட்டியிருக்காங்க. உள்ள இருக்குற போன் வயரு செத்து ஒரு வருஷம் ஆச்சு. நான் பாக்குற பில்டிங் இல்ல அது. இருந்தாலும் நம்ம தொழில்தானே சார்."

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வேலைக்குப் போகிறார், ஏழு மாடியும் படியேறித்தான், முழங்கால் வலியோடு என்றான். இதையெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதலாமே என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நாக்கு அரித்தது.

"ஒரு மன்றத்துல போட்டேன் சார். அங்க உட்பிரிவுன்னு ஒருத்தர், சட்டம் பூரா அத்துப்படி. நாங்க வெளிய சொல்லக்கூடாதுன்னு விதி இருக்காம். அவர் மட்டும் சொல்லலன்னா என் லைசென்ஸ் போயிருக்கும். நல்ல மனுஷன்."

சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். "அப்படி விதி இருந்தா கஷ்டம்தான்" என்றேன். அவன் எழுந்து, எனக்காகக் கீழ்த்தளப் பொத்தானை அமுக்கிவிட்டான். கதவு மூடும்போது எனக்கு இரக்கம் வரவில்லை. ஒருவரை இவ்வளவு சுலபமாக நம்ப இவனால் எப்படி முடிகிறது என்று அதற்கும் பொறாமைதான் வந்தது.

முப்பதாம் நாள், நாற்பத்தொன்றும் சரி என்று என் நோட்டில் இருந்தது. அவன் அட்டவணையைச் சரிபார்த்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான். அதை அரசாங்கத்துக்கு அனுப்பப்போகிறேன் என்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டிய இரண்டு வரியைத் தவிர. "அவர் பேர்லயே அனுப்பக் கூடாதா?" என்று கேட்டாள். விதி இருக்கிறது என்றேன். நம்பினாள். என் பெயரில் அனுப்பினேன்.

வரைவு மாறியது. லிஃப்டுக்குள் வேலை செய்கிற போன் இருந்தே ஆகவேண்டும் என்று இறுதி விதி வந்தது. இணைப்பில், நேரடியாக அளந்து கொடுத்தவர் என்று என் பெயர். மன்றமே கொண்டாடியது. சொந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளப் பெரிய மனது வேண்டும் என்று எழுதினீர்கள். ஸ்பானரும் எழுதினான்: "நான் சம்பளத்துக்குப் போன எடம். உட்பிரிவு சார் சும்மா நடந்து போயிருக்கார். கும்பிடுறேன்." என் பதிவுக்கு விழுந்தது ஐந்நூறு. அவன் என்னைப் பாராட்டிய பதிவுக்கு அறுநூற்று நாற்பது.

இதோடு விட்டிருப்பேன், பரிசையும் வாங்கியிருப்பேன். ஆனால் இந்த மாதம் இன்னொரு வரைவு வந்திருக்கிறது. லிஃப்ட் கதவு எவ்வளவு வேகமாக, எவ்வளவு விசையோடு மூடலாம், நடுவில் ஆள் நின்றால் எவ்வளவு நேரத்தில் திறக்கவேண்டும் என்பது பற்றி. கருத்துச் சொல்லக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. ஊன்றுகோலோடு நடக்கும் ஓர் உறுப்பினர் ஸ்பானரிடம் கேட்டிருந்தார், கதவு இரண்டு முறை தன்னை இடித்துவிட்டது, நீங்கள் ஏதாவது எழுதுங்களேன் என்று. அவன் பதில் இதுதான்: "என்கிட்ட அளவு இருக்கு. ஆனா விதி பதினேழு இருக்குதே, நான் எழுதக்கூடாது." ஒரு வருடமாக அவன் தன் வேலையைப் பற்றி மன்றத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வாஷிங் மெஷினோடு நிறுத்திக்கொண்டிருக்கிறான்.

இந்த முறை நான் போய் அளக்க முடியாது. கதவின் விசையை அளக்கும் கருவி அவன் பையில்தான் இருக்கிறது, அதைப் பிடிக்கும் கையும் அவனுடையதுதான்.

நிர்வாகி அவர்களே, பரிசை வேறு யாருக்காவது கொடுங்கள். அவனுக்குக் கொடுத்தால் நான் அந்த வாரம் மன்றத்துக்கு வரமாட்டேன். இதைப் படித்துவிட்டு எல்லோரும் அவனுக்குத்தான் கை தட்டப்போகிறீர்கள், அதை நினைத்தால் இப்போதே எரிகிறது. ஸ்பானர், நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் இதைப் படிப்பீர்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பதினேழாவது விதி முழுமையாக இது:

"உரிமம் பெற்ற நிறுவனத்தின் பணியாளர் எவரும், பணியின்போது தாம் அறிந்த கட்டட விவரங்களை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியிடலாகாது; ஆனால், அரசு பொதுமக்களின் கருத்தைக் கோரியுள்ள காலத்தில், பாதுகாப்பு தொடர்பாகப் பணியாளர் தாமே முன்வந்து கொடுக்கும் விவரங்களுக்கு இவ்விதி பொருந்தாது."

மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விடுபடல் இல்லை.