மீரா சாஜனின் கழுத்துப் பிடி

மருதமுனை மீராமுகைதீன் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். ஊர் வாயில் அவர் மீரா சாஜன். கரையோரப் பொலிஸ் நிலையங்களில் மாறி மாறி வேலை பார்த்தே தலை நரைத்தவர். ஆளை அடிக்கமாட்டார். பொல்லு இடுப்பில் தொங்குவதோடு சரி, துவக்கைத் தொடச் சொன்னால் முகம் கோணும். பிறகு எப்படித்தான் கள்ளனைப் பிடிப்பார் என்று கேட்டால், சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூடச் செய்து காட்டுவான். பின்பக்கமாகப் போய், வலது கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இடது கையால் அதைப் பூட்டி இறுக்குவார். எப்பேர்ப்பட்ட சண்டியனும் கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடுவான். அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "எழும்புடா மகன், போவம்" என்பதும் அவர்தான். காயமுமில்லை, இரத்தமுமில்லை. மனுசன் தங்கம் என்றது ஊர்.

அவருக்கும் அதில் பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். புதிதாக வந்த பொலிஸ்காரன் பொல்லை ஓங்கினால், "மாட்டுக்கா அடிக்கிறாய்?" என்று சீறுவார். துவக்கால் ஒரு வெடி வைத்துப் பாருங்கள், ஏன் வைத்தாய், எங்கே பட்டது, வேறு வழியில்லையா என்று மேலிடம் குடைந்தெடுத்துவிடும். பொல்லால் அடித்தால் டொக்டர் தழும்பைப் பார்த்து எழுதுவார். கழுத்தைப் பிடித்ததற்கு அவரிடம் ஒருவரும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. கைதானே! கையைப் போய் யாராவது ஆயுதம் என்பார்களா?

ஐஸ் என்கிற போதைச் சனியன் ஊருக்குள் புகுந்த பிறகு அவருடைய மவுசு இன்னும் கூடியது. பிள்ளை வீட்டை உடைக்கிறான் என்றால் தாய் தகப்பன் பொலிஸ் நிலையத்துக்கு எடுக்கமாட்டார்கள், நேரே சாஜனின் போனுக்குத்தான். "அடிக்காமப் பிடிச்சித் தாங்க சாஜன்" என்பார்கள். மகன் தழும்போடு வீதியில் நடந்தால், நாளைக்கு அவனுடைய தங்கைக்கு மாப்பிள்ளை பேச ஒருத்தன் படியேறுவானா? அந்தப் பயம்தான்.

நிந்தவூர் றஹீமாவும் அப்படித்தான் அவருக்குப் போன் எடுத்தாள். புருசன் மௌத்தாகி, இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவன் அர்ஷாத். பின்னேரம் அசர் தொழுகை முடிந்த நேரம், அவன் வீட்டுக்குள் நின்று கதவு, கண்ணாடி, இடியப்பத் தட்டு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டு உடைத்துக்கொண்டிருந்தான். சாஜன், நிஸாம் என்ற இளம் பொலிஸ்காரனையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். றஹீமா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

"அடிச்சிப் போடாதீங்க சாஜன். எனக்கு ஒரே ஒரு ஆம்புளப் புள்ள."

"நான் எப்பயாவது அடிச்சிருக்கனா தங்கச்சி? நீங்க வெளிய நில்லுங்க."

உள்ளே போனார், பிடித்தார். நிஸாம் காலைப் பிடித்துக்கொண்டான். அர்ஷாத் துவளவில்லை, உதைத்தான், திமிறினான். அவன் கை சாஜனின் முழங்கையில் இரண்டு தரம் தட்டியது. அடிக்கிறான் என்று நினைத்து அவர் இன்னும் இறுக்கினார். கடைசியில் துவண்டான். வழமைபோல் தண்ணீர் தெளித்து, "எழும்புடா மகன்" என்றார். அவன் எழும்பவில்லை. ஓட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அங்கே டொக்டர் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் றஹீமா அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை, கொன்றுவிட்டாயே என்று கத்தவுமில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாஜன், என்ட புள்ள கலிமா சொன்னானா?"

போகிற உயிர் நாவில் 'அல்லாஹ் ஒருவனே' என்ற கலிமாவோடு போயிற்றா என்று கேட்காத தாய் அந்தக் கரையில் இல்லை. ஐஸ் அடித்துக் கெட்டுப்போன பிள்ளைக்கு, அந்த ஒரு சொல்லாவது மறுமையில் கைகொடுக்காதா என்ற தவிப்பு அவளுக்கு.

"ஓம் தங்கச்சி," என்றார் சாஜன். "சொல்லிட்டுத்தான் போனான்."

அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாவு விழுந்த மையத்து வீட்டில் அதைப் பொய் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். ஜனாஸாவுக்கு வந்த பெண்களிடமெல்லாம், "என்ட மகன் கலிமாவோட போனான்" என்று சொல்லிச் சொல்லியே அவள் அந்த நாட்களைத் தாண்டினாள்.

சட்ட வைத்திய அதிகாரி கழுத்து நெரிபட்டிருக்கிறது என்று எழுதினார். உடம்பில் ஐஸ் இருந்தது என்றும் எழுதினார். எது கொன்றது? வழக்கு அதில் வந்து நின்றது. சாஜனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவருக்காக வந்த சட்டத்தரணி கனகசபாபதி நல்ல மனிதர், ஆனால் தொழிலில் புலி. ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீங்க தப்பிட்டீங்க சாஜன். மகன் கலிமா சொன்னான் எண்டு தாயே சொல்லுறா. கழுத்து நெரிபட்டவன் கலிமா சொல்லுவானா? பேச்சு வந்திருக்கு எண்டா மூச்சும் வந்திருக்கு. உயிர எடுத்தது ஐஸ்தான், உங்கட கை இல்ல."

அவளுக்காகச் சொன்ன சொல், இப்போது சாஜனுக்கே குடையாக விரிந்து நிற்கிறது. பள்ளிவாசல் தலைவர் சீனிமுகம்மதுவிடம் போய் உள்ளதைச் சொன்னார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"உண்மையச் சொல்லி ஆருக்கு என்ன லாபம்? அந்தப் பொம்புளைக்கு மிச்சம் கிடக்கிறது அந்தக் கலிமாதான். அதயும் பறிக்கப் போறீங்களா?"

பறிக்க மனசில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அவரும் தீர்மானித்தார். தனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. ஆனால் நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் கல்முனைச் சந்தையில் கூட்டம். குடித்துவிட்டுச் சத்தம் போட்ட ஒரு மீன்காரனை நிஸாம் பின்னால் நின்று பிடித்திருந்தான். அதே பிடி. "சாஜன்ட பிடிடா!" என்று சனம் சிரித்தது. மீன்காரன் நிஸாமின் கையைத் தட்டுவதைச் சாஜன் கண்டார். அது அடி இல்லை. விடு, விடு என்று கெஞ்சுகிற தட்டு. மரக்கறிக் கூடைகளை மிதித்துக்கொண்டு பாய்ந்தார்.

"உடுடா கழுத்த! உடுடா!"

நிஸாம் திகைத்துப்போய் விட்டான். மீன்காரன் குந்தியிருந்து இருமினான்.

"என்ன சாஜன் நீங்க? நீங்க பழக்கினதுதானே," என்றான் நிஸாம். அவன் குரலில் நக்கல் இல்லை. "கைதானே?"

சாஜன் சிதறிய மரக்கறியைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். மரக்கறிக்காரியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விசாரணை நாளில் றஹீமா முதலில் கூண்டில் ஏறினாள். "என்ட மகன் கலிமா சொல்லித்தான் மௌத்தானவன். சாஜன்தான் சொன்ன," என்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. கனகசபாபதிக்கு முகம் மலர்ந்தது. அடுத்தது சாஜன்.

"இறந்தவர் கடைசியாக ஏதாவது சொன்னாரா?" என்று நீதவான் கேட்டார்.

சாஜன் றஹீமாவைப் பார்த்தார். அவள், "சொல்லுங்க சாஜன்" என்பதுபோல் தலையசைத்தாள். அந்த அசைவுதான் அவரைக் கொன்றது.

"இல்ல ஐயா. அவன் ஒண்டும் சொல்லல்ல. சொல்ல ஏலா. என்ட கை அவன்ட கழுத்துல இருந்த. தாய் கேட்ட நேரம் மனசு கேக்காமப் பொய் சொல்லிட்டன்."

மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சாஜன் நிறுத்தவில்லை.

"கையில துவக்கு இருந்திருந்தா, வெடி பட்டா செத்திருவானே எண்டு யோசிச்சிருப்பன் ஐயா. கை எண்டபடியா யோசிக்கல்ல. துவக்குக்கு இருக்கிற சட்டம் இந்தப் பிடிக்கும் இருந்திருக்கோணும். இதுவும் ஆளக் கொல்லும்."

நீதவான் தலை நிமிராமல் எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் அவரை ஒரு மர வாங்கில் இருத்திக் காவல் போட்டார்கள். றஹீமா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். ஏசுவாள், சபிப்பாள் என்று அவர் குனிந்த தலையோடு காத்திருந்தார். வாங்கிக்கட்டத் தயாராகவே இருந்தார்.

"அவன் என்ன செய்தான் அந்த நேரம்?" என்றாள். "உள்ளதச் சொல்லுங்க."

"ரெண்டு தரம் என்ட கையத் தட்டினான் தங்கச்சி. நான் அடிக்கிறான் எண்டு நினைச்ச."

"வாய்?"

"நான் பின்னுக்கு நிண்ட, காணல்ல. காலப் பிடிச்ச நிஸாம் கண்டிருக்கான். வாய் அசைஞ்ச எண்டு சொன்னவன். சத்தம்தான் வரல்ல."

றஹீமா மகளின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப என்ட புள்ள சொல்லப் பாத்திருக்கான்," என்றாள். "நீங்கதான் சொல்ல உடல்ல."

"ஓம் தங்கச்சி," என்றார் சாஜன். "நான்தான் உடல்ல."