இலங்கைத்துறைக்கு ஒரு சின்னக் காரில்

காலை 5.30. திருகோணமலை நகரில் எங்கள் வீட்டு வாசல். டீசல் வானின் சாவியைத் திருப்பிவிட்டு, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். பிறகு அது உறுமியது. பக்கத்து வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. தினமும் அந்த மனுசன் இப்படித்தான் எழும்புகிறார், பாவம்.

என் மனைவி யசோதாவுக்கு இலங்கைத்துறைப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்து ஏழு மாதம். ஒரு வழிக்கு எழுபது கிலோமீற்றர் வரும். அந்த நேரத்துக்குத் தோதான பஸ் இல்லை. கொண்டுபோய் விட்டு, அங்கேயே கிடந்து, கூட்டிவந்து, பின்னேரம் நாலு மணிக்குத் துறைமுக வேலைக்குப் போனால், ஓவர்டைமும் முடிந்து திரும்ப இரவு பதினொன்றாகிவிடும். களைத்துப் போனேன், வேறென்ன சொல்ல. வேலையை விடுவதாக அவள் எழுதிய கடிதம் மூன்று நாளாகக் கைப்பையில் கிடக்கிறது.

அதனால்தான் இன்று இந்தச் சோதனை. சின்னக் கார் ஒன்று லீற்றருக்குப் பதினெட்டுக் கிலோமீற்றராவது ஓடினால், எண்ணெய் மிச்சத்தில் ஓவர்டைமை விட்டுவிடலாம். நானும் மனுசனைப்போல நித்திரை கொள்ளலாம். ஓடாவிட்டால் கடிதம்.

6.05. கிண்ணியாப் பாலம் தாண்டி, கார் விற்கும் சலீம் நானாவின் வளவு. அறுநூற்றி அறுபது சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர். பெற்றோல் நிலையத்தில் தாங்கியை வாய்மட்டத்துக்கு நிரப்பினோம். திரும்பி வந்து மறுபடி நிரப்பினால், குடித்தது எவ்வளவென்று தெரிந்துவிடும்.

"ரெண்டு பேர் ஏறினா இழுக்குமா நானா?"

"இழுக்கும் சேர். ஏசி போட்டா கொஞ்சம் மூச்சு வாங்கும். வானை இங்க விட்டுட்டுப் போங்க. கார் வந்தா வான் வரும்," என்று சிரித்தார்.

வானில் உயரத்தில் இருந்து ஓட்டியவனுக்கு, இதில் லொறிச் சில்லு காதுக்குப் பக்கத்தில் சுழன்றது. மூதூர் தாண்டி ஓர் உழவு இயந்திரத்தை முந்தப் பார்த்தேன். எஞ்சின் கத்தியது, கார் போகவில்லை. யசோதா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனால் ஒன்று, வானில் கத்திக் கதைக்கும் நாங்கள் இதில் மெல்லக் கதைத்தோம். கிளிவெட்டியில் ஆளுக்கொரு வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.

7.20. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் மணல் வீதியில் காரின் வயிறு இரண்டு தரம் உரசியது. அவளை இறக்கிவிட்டு, பின்சீற்றில் படுத்துக் காலைக் கதவுக்கு வெளியே நீட்டினேன். வானென்றால் முழு ஆள் படுக்கலாம். கண்ணயரும் நேரம் பார்த்து மீன்காரக் கந்தையா அண்ணை வந்து குனிந்தார்.

"உதென்ன தம்பி, மீன்பெட்டி வைக்கவும் இடமில்லை! மாரிக்கு இந்த ரோட்டிலை தண்ணி நிக்கும். டீசல் வான்தான் வரும்."

"ஓம் அண்ணை," என்றேன். அவர் சொன்னது சரி. நித்திரையும் போய்விட்டது.

பிற்பகல் 1.40க்குப் புறப்பட்டோம். மூதூர் தாண்டிக் கங்கைப் பாலத்துக்குச் சற்று முன், "இஞ்சேருங்கோ!" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் அவளுடைய கை ஸ்டியரிங்கில், எதிரே பஸ். எப்படித் திருப்பினோமோ தெரியாது. ஓரத்தில் நிறுத்தினேன். நல்லாய்ப் பயந்துபோனேன்.

அவள் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். "இறங்குங்கோ. நான் ஓடுறன்."

"நீரோ?"

"லைசன் எடுத்துப் பதினொரு வருசம். உங்கட வானிலை கிளச்சை மிதிக்க நான் எழும்பி நிக்கவேணும். இதிலை கிளச்சே இல்லை. காலமை பாத்தனான்."

டீசலா பெற்றோலா, லீற்றருக்கு எத்தனை, வயிறு உரசுமா, எல்லாம் பார்த்தேன். யார் ஓட்டுவது என்று மட்டும் யோசிக்கவில்லை, மடையன். இடப்பக்கம் ஏறி இருந்தேன். பாலம் ஏறியதுவரைதான் நினைவு.

விழித்தபோது சலீம் நானாவின் வளவு. பெற்றோல் நிலையத்தை எப்போதோ தாண்டியிருந்தோம்.

"லீட்டருக்கு எவ்வளவு ஓடிச்சு சேர்?"

"தெரியாது நானா. நித்திரை கொண்டிட்டன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. யசோதா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. "நானா, வானை வாங்க ஆள் பாருங்கோ," என்றாள்.

கடிதம் கொடுக்கப்படவில்லை. மாரிக்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியாது. அடுத்த திங்கள் காலை 5.30க்கு அவள் தனியே புறப்பட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் நான் கட்டிலில் கிடந்தேன். வானென்றால் சந்திவரை சத்தம் கேட்கும், போகும் இடம் தெரியும். இது கேற்றைத் தாண்டியதுமே சத்தமில்லை. சீனக்குடா வந்திருக்குமா, பாலம் ஏறியிருப்பாளா என்று முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன். ஏழரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் ஃபோன் எடுக்கும்வரை எனக்குக் கண் மூடவில்லை.