வாயில் முட்டையோடு இடம் மாறிய மீன்

நவம்பர், வெள்ளிக்கிழமை. விலங்கியல் துறையின் உப்புநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு ஜாஃபிஷ்கள் புதிய கட்டட முகப்பிலுள்ள தொட்டிக்கு மாற்றப்பட்டன. இரு தொட்டிகளிலும் உப்பளவும் வெப்பமும் ஒன்றே. இரு மீன்களும் நலம். முட்டைத் திரள் இழக்கப்பட்டது.

கல்லூரிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான். இனி எனக்குப் பதிலாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளப்போகும் ஆசிரியர்களுக்காக மீதியையும் எழுதுகிறேன்.

ஜாஃபிஷ் மணலில் வளை தோண்டித் தலையை மட்டும் நீட்டியிருக்கும். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கும்; மிரண்டால் துப்பிவிடும். இந்த இணையை வளர்த்தவர் அதே துறையில் பணியாற்றிய என் மனைவி லூர்து. அவை முட்டையிட வேண்டுமென்று பல ஆண்டுகள் காத்திருந்தார். அவர் இறந்த மூன்றாம் மாதம் முட்டையிட்டன.

ஆய்வக உதவியாளர் முருகேசன்தான் போனில் சொன்னார். “சார், ஆம்பள மீனு வாயில லட்ட அமுக்குன மாதிரி உக்காந்திருக்கு. ரெண்டு நாளா தீனி எடுக்கல.”

போய்ப் பார்த்தேன். முட்டைகளுக்குள் குஞ்சுகளின் கண்கள் தெரிந்தன. பொரிய இன்னும் நாலைந்து நாள்தான். ஆனால் புதிய தொட்டியின் திறப்பு விழா மறுநாள். நிர்வாகச் செயலாளரிடம் மீன்களை மட்டும் பிறகு மாற்றலாம் என்றேன்.

“சார், தொட்டியத் தொறக்கத்தான் விருந்தாளியே வாராரு. பத்திரிகையில போட்டு வடமதுரை வரைக்கும் குடுத்தாச்சு. வெறுந் தண்ணியவா காட்டுறது? நீங்களே மாத்துனா மீனு சாகாதுல்ல?”

“மீன் சாகாது.”

“அப்பறம் என்ன சார்!”

நான் சொன்னது உண்மை. அந்த உண்மையே போதுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது.

வளை மீனை வலையால் துரத்தக் கூடாது. மணலைத் தோண்டியும் எடுக்கக் கூடாது. அடியில் கறுத்த மணலிலிருந்து கிளம்பும் நச்சு வாயு தொட்டி முழுவதையும் கொன்றுவிடும். லூர்து முன்பே இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளை மணலில் புதைத்து, மீன்களை அவற்றில் குடியிருக்கப் பழக்கியிருந்தார். நீருக்குள்ளேயே குழாயின் இரு வாயையும் உள்ளங்கையால் மூடி, வாளி நீருக்கு மாற்றினோம். புதிய தொட்டியில் பொடி மணலும் உடைந்த சிப்பியும் கலந்து ஆழமாகப் போட்டிருந்தோம். விளக்கை அணைத்துவிட்டுக் குழாயை மெல்ல இறக்கினோம்.

ஆண் மீன் தலையை நீட்டியது. முருகேசன் குனிந்து பார்த்தார்.

“சார், வாயி ஒட்டிப் போச்சு.”

திரள் வாளியின் அடியில் கிடந்தது.

“பக்கத்துல வச்சா திருப்பி வாங்கிக்கிராதா சார்?”

“வாங்காது, முருகேசன்.”

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. “அம்மா இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க சார்,” என்றார்.

மறுநாள் விருந்தினர் சற்று நேரம் நின்று, “மீனு எங்கப்பா? மண்ணுதான் தெரியுது,” என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் கற்றது இது: மீன் பிழைக்குமா என்று கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தக் கூடாது.

செய்யாமல் விட்டவை:

தொட்டி மூடியின் இடைவெளிகளுக்கு வலை கட்டுவது. இவை துள்ளி விழும் மீன்கள்.

குஞ்சுகளுக்கென்று லூர்து வாங்கி வைத்த சிறு தொட்டியை யாருக்காவது கொடுப்பது.

அவருடைய மேசையைக் காலி செய்து, சாவியைத் துறையில் ஒப்படைப்பது.