ஸ்டெல்லாவின் சின்னத் துப்பாக்கி

இன்று காலை எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் மைதானத்தில் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. இலக்குத் தாள் ஒட்டுவது என் வேலை.

ஃபிட்டர் மனைவி ஸ்டெல்லா, அடுத்த வாரப் போட்டிக்காக கிளப் உறுப்பினர் டேனியல் சாரின் விலையுயர்ந்த பெரிய ரைபிளை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தாள். ஐந்து தோட்டாவும் தாளின் ஓரத்தில் பட்டன.

“இன்னாம்மா, கண்ண மூடிகினு சுடறே?” என்றேன்.

“தோளு இடிக்குது நைனா. தோட்டா வெலைய நெனச்சா சுடவே மனசு வரல.”

தன் சின்ன ரைபிளான பாயிண்ட் டூ டூவை எடுத்தாள். அதற்குத் தோட்டா மலிவு. தினமும் சுட்டுப் பழகியவள். அதிராமல் ஐந்து சுட்டாள்.

தாளை வெயிலில் பிடித்தேன். ஐந்து ஓட்டையும் ஒன்றாகி, என் உள்ளங்கையில் ஒரே வெளிச்சப் பொட்டு விழுந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“போட்டிக்கு இதான் நைனா” என்றாள்.

இப்போது டேனியல் சாரே அந்தச் சின்னதை இரவல் கேட்கிறார். ஸ்டெல்லா கொடுக்கலாமா? இந்தக் கிளப் அறிவிப்புப் பலகையில் இதற்குக் கீழே எழுதுங்கள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன்.